செயின் நழுவினால் முதலில் எதைப் பார்ப்பது?

(சங்கத்தின் மாதர் பிரிவும் தோட்டப் பாடசாலையும் சேர்ந்து நடத்திய சைக்கிள் திருத்தும் பயிற்சி நாளில் ஆற்றிய உரை. வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இந்தக் கூட்டத்துக்கு அறிவித்தல் ஒட்டிய அன்றே ஒரு பெரியவர் எங்களை மறித்துக் கேட்டார். "சம்பளத்தைப் பத்திப் பேச வேண்டிய சங்கம் இப்ப சைக்கிள் செயினைப் பத்திப் பேசுதா டீச்சர்?" என்றார். அந்த ஐயாவும் இன்று வந்து தென்னை நிழலில் உட்கார்ந்திருக்கிறார். முதலில் அவருக்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

ஐயா, நீங்கள் இந்தத் தோட்டத்தில் தேங்காய் பறித்த காலத்தில் லயத்துக்குப் பக்கத்திலேயே வேலை இருந்தது. இன்று நம்மில் பாதிப்பேர் ஒரு நாள் இந்தத் தோட்டத்தில் உரிக்கப் போகிறோம், மறுநாள் கொப்பரா வாடிக்குப் போகிறோம், அடுத்த நாள் தும்பு மில்லுக்குப் போகிறோம். தேங்காய் பறிப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. இடைப்பட்ட நாட்களில் வேலை எங்கே இருக்கிறதோ அங்கே நாம் போக வேண்டும். சைக்கிள் ஓடினால் நேரத்துக்குப் போகலாம். வழியில் செயின் கழன்றால் அரை நாள் சம்பளம் போய்விடும். ஆகவே செயினைப் பற்றிப் பேசுவதும் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதுதான் ஐயா.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 28ஆம் திகதி தொடங்கிச் சில நாட்கள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். பிறகு கியூஆர் முறையில் வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து தந்தார்கள். பஸ் குறைந்தது, முச்சக்கர வண்டிக் கூலி ஏறியது. அப்போதுதான் நம்மில் பலர் கையில் இருந்ததை விற்றும் அடகு வைத்தும் சைக்கிள் வாங்கினோம். புதுசு வாங்க முடியாதவர்கள் ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள்களை வாங்கினோம். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் யாழ்ப்பாணத்து மக்களும் இப்படித்தான் சைக்கிளை நம்பி வாழ்ந்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி அந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள்.

நாம் வாங்கிய ஜப்பான் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கியர் இருக்கிறது. நம் அப்பா, தாத்தா காலத்துச் சைக்கிளில் கியர் கிடையாது. அதைத் திருத்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கியர் சைக்கிளை மட்டும் தொடப் பயப்படுகிறோம். கோளாறு வந்தால் கடைக்குக் கொண்டுபோகிறோம், கடையில் மாற்றச் சொல்வதையெல்லாம் மாற்றிவிட்டு வருகிறோம். அந்தப் பயத்தால் என்ன நடந்தது என்று ஒரு கதை சொல்கிறோம்.

மூன்று வாரம் வராத பிள்ளை

எங்கள் தோட்டப் பாடசாலையில் 5ஆம் தரம் வரைதான் இருக்கிறது. அதற்கு மேல் படிக்கும் பிள்ளைகள் கொழும்பு – புத்தளம் வீதியைக் கடந்து பெரிய பாடசாலைக்குப் போக வேண்டும். எங்களிடம் படித்து 8ஆம் தரம் வரை போன ஒரு பிள்ளை மூன்று வாரமாகப் பாடசாலைக்குப் போகவில்லை என்று மற்றப் பிள்ளைகள் மூலம் கேள்விப்பட்டோம். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்களோ, கொப்பரா வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்களோ என்று நாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தோம். அந்தத் தாய்க்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று சங்கத்து அக்கா ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனோம்.

அந்தத் தாய் எங்களை எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைக் காட்டினார். "செயின் நழுவுது டீச்சர். மெயின் ரோட்டைக் கடக்கையில மிதி சும்மா சுத்திருச்சு. லொறி ஒண்ணு ஹோன் அடிச்சுக்கிட்டு பிள்ளைய உரசுற மாதிரிப் போச்சு. அதுக்கப்புறம் நாந்தான் போக வேணாம்னு சொன்னேன்" என்றார்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. கடைக்குக் கொண்டுபோய்ப் புதுச் செயின் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் ஓடியது, பிறகு பழையபடி நழுவியது. அடுத்த முறை, கியர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொகையைக் கேட்டதும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள்.

நம் தோட்டத்தில் முன்பு தேங்காய் பறித்த ஒரு அண்ணன் சைக்கிள் வேலை தெரிந்தவர். அவரை அழைத்து வந்தோம். அவர் எதையும் கழற்றவில்லை. சைக்கிளைத் தும்புக் கயிற்றில் தூக்கிக் கட்டி, மிதியைச் சுற்றிக்கொண்டே கியரை மாற்றிப் பார்த்தார். பிறகு கியர் கேபிளை விரலால் இழுத்து விட்டார். இழுக்க வந்தது, விட்டால் திரும்பவில்லை. பின் சில்லுக்குப் பக்கத்தில் வளைந்து வரும் கேபிள் உறைக்குள் துருவும் மணலும் அடைத்திருந்தன. அதனால் செயின் இந்தப் பல்லிலும் இல்லாமல் அந்தப் பல்லிலும் இல்லாமல் நடுவில் நின்றிருக்கிறது. பிள்ளை வீதியைக் கடக்க அவசரமாக மிதித்தபோது நழுவியிருக்கிறது. ஒரு கேபிளும் ஒரு துண்டு உறையும் வாங்கினோம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. செலவு அந்தப் புதுச் செயினுக்குக் கொடுத்ததை விடக் குறைவு.

மறுநாள் பிள்ளை பாடசாலைக்குப் போய்விட்டாள். ஆனால் மூன்று வாரப் பாடம் போனது போனதுதான். அந்தத் தாய்க்குப் புத்தி சொல்லப் போனவர்கள் நாங்கள். ஏன் வரவில்லை என்று முதல் வாரமே கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. இந்தப் பயிற்சி நாள் வைத்ததற்கு அதுதான் காரணம்.

கழற்றுவதற்கு முன் கேளுங்கள், பாருங்கள்

இன்று நாம் பழகப் போவது ஒரு வரிசை. செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில். காரணம் தெரியாமல் ஒரு பாகத்தையும் வாங்க வேண்டாம்.

சைக்கிளைச் சீற்றுக்குக் கீழே கயிறு போட்டுத் தாழ்வான கிளையிலோ வளையிலோ தொங்க விடுங்கள். பின் சில்லு நிலத்தில் படக்கூடாது. மிதியை மெதுவாகச் சுற்றுங்கள். ஒன்று முக்கியம்: ஒருவர் மிதி சுற்றும்போது இன்னொருவர் செயினில் விரல் வைக்கக்கூடாது. சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இப்போது சத்தம் எப்போது வருகிறது என்று எண்ணுங்கள்.

மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை "டக்" என்றால் கோளாறு மிதிப் பக்கத்தில் இருக்கிறது. மிதி தளர்ந்திருக்கும், அல்லது மிதித் தண்டு தளர்ந்திருக்கும். பழைய சைக்கிளில் தண்டைப் பிடிக்கும் கொட்டர் பின் தேய்ந்திருக்கும். இடது மிதியின் புரி மறுபக்கமாகத் திரும்பும் என்பதை நினைவில் வையுங்கள். வழக்கம் போல இறுக்கப் போனால் அது கழன்று வரும்.

மிதி இரண்டு இரண்டரைச் சுற்றுக்கு ஒரு முறை சத்தம் வந்தாலோ செயின் துள்ளினாலோ கோளாறு செயினிலேயே ஒரு இடத்தில் இருக்கிறது. ஏனென்றால் செயின் ஒரு முழுச் சுற்று வர மிதி ஏறக்குறைய அத்தனை முறை சுற்ற வேண்டும். மிதியைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிக் கவனியுங்கள். துருப்பிடித்து மடங்காமல் நிற்கும் ஒரு மூட்டு கண்ணில் படும். எண்ணெய் விட்டு, அந்த மூட்டை இரண்டு கையாலும் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மிதிக்காமல் சைக்கிள் தானாக ஓடும்போதும் சத்தம் வந்தால் செயினைக் குறை சொல்லாதீர்கள். சில்லையோ பிரீவீலையோ பாருங்கள். பாரம் ஏற்றி மிதிக்கும்போது மட்டும் நழுவினால், தேய்ந்த பல்லாக இருக்கலாம், சரியாக நிற்காத கியராக இருக்கலாம். அதற்குப் பிறகு வருகிறோம்.

உப்பும் மணலும் தேங்காய் எண்ணெயும்

மலைநாட்டில் உள்ள நம் சொந்தக்காரரின் சைக்கிள் செயினும் நம்முடையதும் ஒன்றல்ல. நாம் இருப்பது கடற்கரையில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் முந்தல், உடப்பு, கற்பிட்டிப் பக்கமெல்லாம் உப்பும் மணலும் பறந்து வருகின்றன. உப்பு இரும்பை அரிக்கிறது. மணல் செயினின் மூட்டுக்குள் புகுந்து அரம் மாதிரி அறுக்கிறது.

இதில் நாமும் ஒரு பிழை செய்கிறோம். வீட்டில் இருப்பது தேங்காய் எண்ணெய், அதையே செயினில் ஊற்றுகிறோம். தலைக்கும் கறிக்கும் நல்ல எண்ணெய்தான். செயினில் அது சில நாளில் தூசியோடு சேர்ந்து பிசின் ஆகி, பறக்கும் மணலையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். கராஜில் கழிக்கும் கறுத்த எஞ்சின் எண்ணெயும் வேண்டாம். அதில் இரும்புத் தூளும் கரியும் இருக்கின்றன.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு சிரட்டையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுங்கள். பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது. தேங்காய்ப் பொச்சை நசுக்கினால் நல்ல தூரிகை கிடைக்கும். அதை நனைத்துச் செயினைத் தேயுங்கள். மண்ணெண்ணெயைச் செயினுக்கு மேலேயே ஊற்றாதீர்கள். அது சில்லின் நடுவிலும் பிரீவீலுக்குள்ளும் போனால் அங்கே இருக்கிற கிறீசைக் கழுவிவிடும். பிறகு பழந்துணியால் துடைத்து வெயிலில் காய விடுங்கள்.

காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெயோ புது எஞ்சின் எண்ணெயோ ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. ஒரு மூட்டையும் விடாதீர்கள். மிதியைச் சில சுற்றுச் சுற்றி, கால் மணி நேரம் விட்டு, வெளியில் இருப்பதை எல்லாம் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது மூட்டுக்குள்ளேதான். வெளியே மினுமினுப்பது மணலுக்குத்தான் உதவும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, சீக்கிரம் போய்விடும். அதை விடுகிறவர்கள் வாரம் ஒரு முறை விடுங்கள். மழையில் நனைந்தாலும் கடற்கரை மணலில் உருட்டி வந்தாலும் அன்றே துடையுங்கள்.

பள்ளி அடிமட்டம் போதும்

செயின் தேய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு கருவியும் வாங்கத் தேவையில்லை. பிள்ளைகளின் அடிமட்டத்தை எடுங்கள். சைக்கிள் செயினில் ஒரு ஊசியின் நடுவிலிருந்து அடுத்த ஊசியின் நடுவுக்குச் சரியாக அரை அங்குலம். நம் பழைய சைக்கிளிலும் ஜப்பான் சைக்கிளிலும் இதே அளவுதான். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனோல்ட் என்பவர் உருளை வைத்த செயினைச் செய்தார். இன்றும் நாம் ஓட்டுவது அந்த வகைதான்.

ஆகவே 24 ஊசி எண்ணினால் 12 அங்குலம் வர வேண்டும். செயினை இழுத்துப் பிடித்து, அடிமட்டத்தின் பூச்சியத்தை ஒரு ஊசியின் நடுவில் வையுங்கள். 12ஆம் அங்குலக் கோட்டில் இன்னொரு ஊசியின் நடு சரியாக நின்றால் செயின் நல்லது. அந்த ஊசி கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் போயிருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம், அதாவது மூன்று மில்லிமீட்டர் போயிருந்தால் பின் பற்சில்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும்.

இரும்பு இழுபட்டு நீளவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகளில் ஒவ்வொன்றும் மயிரிழை தேய்கிறது, எல்லாம் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. நீண்ட செயின் பல்லின் சரியான இடத்தில் உட்காராது, பல்லையும் அறுத்து வளைக்கும்.

கொப்பரா வாடியில் வேலை செய்யும் ஒரு தம்பி புதுச் செயின் போட்டார். முன்பு நழுவாத சைக்கிள் புதுச் செயின் போட்ட பிறகு நழுவத் தொடங்கியது. கடையில் மட்டமான செயினைத் தந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கே போய்விட்டார். நாங்கள் பார்த்தபோது பின் பற்சில்லின் பற்கள் சுறாவின் செட்டை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே தேய்ந்ததால் ஒன்றுக்கொன்று பொருந்தி ஓடின. புதுச் செயின் தேய்ந்த பல்லில் உட்காரவில்லை. அந்தக் கடையில் பிழை இல்லை. 1/16 அங்குலத்தில் செயினை மட்டும் மாற்றியிருந்தால் பிரீவீல் தப்பியிருக்கும். ஒன்றின் செலவு இரண்டின் செலவாகியது.

செயின் வாங்கும்போது அகலத்தைப் பார்த்து வாங்குங்கள். கியர் இல்லாத சைக்கிளுக்கு 1/8 அங்குல அகலம். பின்னால் ஆறு ஏழு பல் இருக்கும் சைக்கிளுக்கு 3/32 அங்குல அகலம். மாற்றிப் போட்டால் சரியாக ஓடாது.

கியர் இல்லாத சைக்கிள்

இதில் செயின் கழன்றால் பெரும்பாலும் தளர்ச்சிதான் காரணம். மிதிக்கும் பின் சில்லுக்கும் நடுவில் செயினை விரலால் மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம் ஆட வேண்டும். மிதியைச் சுற்றிச் சுற்றி, எந்த இடத்தில் செயின் அதிகம் இறுகுகிறதோ அங்கே அளந்து பாருங்கள். பின் சில்லின் இரண்டு நட்டையும் தளர்த்தி, சில்லை நேராகப் பின்னுக்கு இழுத்து இறுக்குங்கள். சில்லு ஒரு பக்கம் சாய்ந்தால் செயின் மறுபடி கழலும். அதிகம் இறுக்கினால் மிதிக்கக் கஷ்டம், பேரிங்கும் கெடும்.

செயினைப் பூட்டும் கிளிப்பைப் பார்த்துப் போடுங்கள். அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால் எதிலாவது பட்டுத் தெறித்துவிடும்.

பின்னால் ஆறு பல் இருக்கும் சைக்கிள்

பின் சில்லின் வலப்பக்கத்தில் இரண்டு சிறு பற்சில்லுகளோடு கீழே தொங்குகிறதே, அதை ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பெயரால் சொல்கிறார்கள். நாம் கியர் கை என்று வைத்துக்கொள்வோம். கேபிள் இழுத்தால் கை உள்ளே, பெரிய பல்லுக்குப் போகிறது. கேபிளை விட்டால் ஸ்பிரிங் அதை வெளியே, சின்னப் பல்லுக்குக் கொண்டுவருகிறது. அவ்வளவுதான். இது தெரிந்தால் கோளாறை ஊகிக்கலாம்.

முதலாவது, கை நேராக இருக்கிறதா? சைக்கிளுக்குப் பின்னால் குந்தியிருந்து பாருங்கள். இரண்டு சிறு பற்சில்லுகளும் மேலே உள்ள பல்லுக்கு நேர்கீழே தொங்க வேண்டும். கீழ்ப்பக்கம் சில்லை நோக்கிச் சாய்ந்திருந்தால் சைக்கிள் வலப்பக்கமாக விழுந்து, கையைத் தாங்கும் காது வளைந்திருக்கிறது. அதை நேராக்கும் வரை வேறு எதையும் திருகாதீர்கள். காது இரும்பாக இருந்தால் மெதுவாக நேராக்கலாம். அலுமினியம் என்றால் உடையும், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். சைக்கிளைப் படுக்கப் போட வேண்டி வந்தால் இடப்பக்கமாகப் போடுங்கள்.

இரண்டாவது, கேபிள் தாராளமாக ஓடுகிறதா? அந்தப் பிள்ளையின் சைக்கிளில் பார்த்த கோளாறு இதுதான். பெரிய பல்லுக்கு ஏறுகிறது, சின்னப் பல்லுக்கு இறங்க மறுக்கிறது என்றால் கேபிள் உறைக்குள் சிக்குகிறது என்று சந்தேகப்படுங்கள். நம் கடற்கரையில் பின் சில்லுக்குப் பக்கத்தில் உள்ள கடைசித் துண்டு உறைதான் முதலில் துருப்பிடிக்கும். கேபிளின் நுனி பிரிந்து முள்ளுப்போல நின்றால் அதையும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, கேபிளின் இறுக்கம். கியரை 6இல், அதாவது மிகச் சின்னப் பல்லில் வையுங்கள். மிதியைச் சுற்றிக்கொண்டே கியரை ஒரு சொடுக்கு மாற்றுங்கள். செயின் அடுத்த பல்லுக்குப் போகவில்லை என்றாலோ தயங்கினாலோ கேபிள் தளர்ந்திருக்கிறது. கேபிள் கியர் கைக்குள் நுழையும் இடத்தில் விரலால் திருகக்கூடிய ஒரு குமிழ் இருக்கும். அது வெளியே வருமாறு திருகினால் கேபிள் இறுகும், உள்ளே போகுமாறு திருகினால் தளரும். அரைச் சுற்றுத் திருகி மறுபடி மாற்றிப் பாருங்கள். ஒரு சொடுக்குக்கு இரண்டு பல் தாண்டினால் மறுபக்கம் திருகுங்கள். எத்தனை சுற்றுத் திருகினோம் என்று சாக்கட்டியால் எழுதி வையுங்கள். பிழைத்தால் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

நான்காவது, எல்லைத் திருகாணிகள். கியர் கையில் எச், எல் என்ற ஆங்கில எழுத்துகளோடு இரண்டு சிறு திருகாணிகள் இருக்கும். எச் என்பது சின்னப் பல்லுக்கு வெளியே செயின் விழாமல் தடுக்கும். எல் என்பது பெரிய பல்லைத் தாண்டிச் செயின் சில்லுக் கம்பிக்குள் விழாமல் தடுக்கும். பலர் முதலில் கை வைப்பது இவற்றில்தான். நீங்கள் கடைசியில் வையுங்கள். இவை தானாக மாறுவதில்லை. செயின் வெளியேயோ உள்ளேயோ விழுந்தால் மட்டும் கால் சுற்றுத் திருகிப் பாருங்கள். எல் திருகாணியில் பிழை விட்டால் ஓடும்போது செயினும் கையும் கம்பிக்குள் சிக்கி, பின் சில்லு சட்டென்று நின்றுவிடும். பெரிய பல்லில் வைத்துக் கையால் சுற்றிப் பார்க்காமல் ஒருவரையும் ஏற விடாதீர்கள்.

சில்லின் வயிற்றுக்குள் கியர்

சில ஜப்பான் சைக்கிளில் பின்னால் ஒரே ஒரு பல்தான் இருக்கும், ஆனால் கைப்பிடியில் 1, 2, 3 என்று போட்டிருக்கும். இதில் கியர் சில்லின் வயிற்றுக்குள் இருக்கிறது. மிதி சும்மா சுற்றினால் உள்ளே உடைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். பஞ்சர் ஒட்டச் சில்லைக் கழற்றி மாட்டிய பிறகு இந்தக் கோளாறு வந்ததா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆம் என்பார்கள்.

சில்லின் வலப்பக்க நுனியில் கேபிள் வந்து சேரும் ஒரு சிறு பெட்டி இருக்கும். கியரை 2இல் வையுங்கள். பல சைக்கிளில் அந்தப் பெட்டியின் சிறு கண்ணாடியில் கோடு தெரியும். உள்ளே உள்ள அடையாளமும் கோடும் நேராக வரும் வரை கேபிளின் குமிழைத் திருகுங்கள். பிறகு 1, 3 இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டு மறுபடி 2இல் சரிபாருங்கள். பெட்டியைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி மணலில் விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடு சரியாகும் வரை எழும்பி நின்று மிதிக்காதீர்கள்.

ஓட்டும் விதம்

நம் ஊரில் மலை இல்லை, கியர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எதிர்க்காற்றும் மணல் பாதையும்தான் நமக்கு மலை. முன்னால் 36 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால் மிதி ஒரு சுற்றுக்குச் சில்லு இரண்டு சுற்று. பின்னால் 28 பல்லுக்கு மாற்றினால் ஏறக்குறைய ஒன்றேகால் சுற்று. தூரம் குறைகிறது, கால் நோவும் குறைகிறது. தண்ணீர்க் கேனோ விறகோ கட்டி வரும்போது மணலுக்குள் இறங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது மிதி சுற்ற வேண்டும், ஆனால் அழுத்தி மிதிக்கக் கூடாது. வீதியைக் கடக்கும் நேரத்தில் கியர் மாற்றவே கூடாது. முன்பே மாற்றிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகு கடவுங்கள். சாரமும் துப்பட்டாவும் செயினுக்குள் போகாமல் செயின் கவரைப் போடுங்கள்.

இனி என்ன செய்வோம்

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. வயலில் வேலை செய்பவர்களும் கல் உடைப்பவர்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். நம் பெண்கள் பலருக்கு ஓட்டத் தெரியும். செயின் கழன்றால் மட்டும் ஒரு ஆம்பிளை வரும் வரை வழியில் நிற்கிறோம். இன்று மாலைக்குள் இங்கே உள்ள ஒவ்வொரு பெண்ணும் ஒரு செயினைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

சங்கம் ஒரு பெட்டி கருவி வாங்கியிருக்கிறது. 8, 9, 10, 15 ஸ்பானர், அலன் சாவி, திருப்புளி, குறடு, கேபிள் வெட்டும் குறடு, செயின் ஊசி கழற்றும் கருவி எல்லாம் இருக்கின்றன. பெட்டி பாடசாலையில் இருக்கும். எடுப்பவர் கொப்பியில் பெயர் எழுதிவிட்டு எடுக்கலாம். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். கேபிள்களை மொத்தமாக வாங்கி வாங்கிய விலைக்கே தர ஏற்பாடு செய்கிறோம்.

நிர்வாகத்திடம் இரண்டு கோரிக்கைகள் எழுதியிருக்கிறோம். வேலைத் தலத்தில் சைக்கிள்களை மழையிலும் உப்புக் காற்றிலும் நிறுத்தாமலிருக்க ஒரு கூரை. லயத்திலிருந்து பெரிய வீதி வரையுள்ள பாதையில் மணல் குவிந்த இடங்களுக்குக் கிரவல். இரண்டுக்கும் இன்று கையெழுத்து வாங்குகிறோம். கூரை கேட்பது நம் வேலை, செயினைத் துடைப்பதும் நம் வேலைதான். இரண்டையும் செய்வோம்.

கடைசியாக, உங்கள் பக்கத்து லயத்தில் ஒரு பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்குப் போகவில்லை என்றால், ஒருவர் வேலைக்கு வரவில்லை என்றால், திட்டுவதற்கு முன் சைக்கிள் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடவில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள். மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம்.

அந்த 8ஆம் தரப் பிள்ளையும் இன்று வந்திருக்கிறாள். பின்வரிசையில் அடிமட்டத்தோடு நிற்கிறாள். செயின் அளப்பது எப்படி என்று முதலில் அவள்தான் காட்டப் போகிறாள். ஐயா, முதல் சைக்கிள் உங்களுடையதாகவே இருக்கட்டும், கொண்டு வாருங்கள்.